ட்யூன் என்னுடையது, திரையில் பெயர் இன்னொருவருடையது

வியாசர்பாடியிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரையும் அடையாளம் காட்டிவிடாதபடி விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். இவர் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகியவர். நான்கு வருடமாக ஒரு தொலைக்காட்சி இசையமைப்பாளரிடம் ப்ரோகிராமராக, அதாவது கம்ப்யூட்டரில் இசையை அமைத்துக் கொடுப்பவராக இருக்கிறார். வீட்டு மாடியறையில் சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை. மாதம் 25,000 ரூபாய் ஜிபேயில் வரும். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒரு தினசரித் தொடரின் டைட்டில் மெட்டும், கதாநாயகி தீமும், பின்னணி இசையில் பெரும்பகுதியும் தான் செய்தவை என்கிறார். திரையில் அந்த இசையமைப்பாளரின் பெயர் மட்டும்தான் வருகிறது. டைட்டில் மெட்டைத் தன் யூடியூப் சேனலில் போட்டதற்கு, பதிப்புரிமைப் புகார் இவர் மேலேயே வந்திருக்கிறது.

இப்போது ஒரு சின்ன பட்ஜெட் படத்துக்கு இசையமைக்க நேரடியாக அழைப்பு. நான்கு பாட்டு, ரீ-ரெக்கார்டிங் (படத்தின் பின்னணி இசை) எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் பேக்கேஜ். 14 பக்க ஆங்கில ஒப்பந்தத்தைக் கொடுத்து, பத்து நாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். படத்தில் ஒரு பாட்டு, பக்கத்துத் தெரு கானா பாடகர் ஒருவர் மாடியில் பாடியதை இவர் பதிவு செய்து, அதன்மேல் கட்டியது. இது தவிர, பழைய வெப் சீரிஸ் பைலட் ஒன்றுக்கு வரவேண்டிய 40,000 ரூபாய், வேலை முடிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியும் வரவில்லை.

"எனக்கு நொட்டேஷன், அதாவது இசைக் குறியீடு எழுதத் தெரியாது. வாயால் பாடி போனில் பதிந்து, அப்புறம் கீபோர்டில் வாசிப்பேன். காகிதத்தில் எதுவும் இல்லாதபோது அது என் ட்யூன் என்று எப்படிச் சொல்வது? சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததால் உரிமை போய்விட்டது என்கிறார்கள். தொடரின் ஒளிபரப்பை நிறுத்த வழக்குப் போடலாமா? இந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போடலாமா? அம்மா, கீபோர்டை மூடிவிட்டு குரூப்-4 எழுது என்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான தவறான எண்ணம் இருக்கிறது. ஓரிடத்தில், உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று பயப்படுகிறீர்கள். இன்னோரிடத்தில், இருக்கிற உரிமையைவிடக் கூடுதலாக இருப்பதாக நினைத்து, ஒளிபரப்பையே நிறுத்தலாம் என்கிறீர்கள். உண்மை நிலை நடுவில் இருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் நிறையவே நிற்கிறது; ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள், எதை அப்புறம் செய்கிறீர்கள் என்பதில் அந்த நன்மை முழுக்கக் கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது. பத்து நாள் கெடு இருப்பதால் அந்த வரிசையைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

நொட்டேஷன் பற்றிய கவலையை இன்றே விட்டுவிடுங்கள். 1957-இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தபோது, எழுதியோ அச்சிட்டோ வைத்த இசைக்குத்தான் இசைப் படைப்பு என்ற தகுதி இருந்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றிவிட்டது. குறியீட்டில் எழுதினாரா இல்லையா என்று பார்க்காமல், இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்பதுதான் இன்றைய சட்டம். வாயால் பாடிப் போனில் பதிந்த அந்த நிமிடமே உங்கள் உரிமை பிறந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அது நிற்கும்.

சம்பளம் வாங்கியதால் உரிமை போய்விட்டது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய காலத்துச் சட்டத்தைச் சொல்கிறார்கள். 1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக இசையமைக்க வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்புச் சொன்னது. இசைக் கலைஞர்களின் நிலையைச் சட்டமன்றம் கவனிக்க வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அப்போதே எழுதிவைத்தார். அது நடக்க 35 வருடம் ஆனது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், படத்தில் சேர்க்கப்பட்ட இசையை உருவாக்கியவரின் உரிமையை அந்தப் பழைய விதி பாதிக்காது என்று சேர்த்தது. தொலைக்காட்சித் தொடரும் இதில் அடங்கும். கோடம்பாக்கத்தில் இன்றும் பலர் பேசுவது 2012-க்கு முந்தைய கணக்கு.

அது மட்டுமல்ல, உங்கள் விஷயத்தில் 'வேலைக்காரர்' என்ற வாதமே பலவீனமானது. பி.எஃப். இல்லை, வருகைப் பதிவு இல்லை, கம்ப்யூட்டர் உங்களுடையது, அறை உங்களுடையது. உரிமையை எழுதிக் கொடுத்து நீங்கள் எங்கும் கையெழுத்துப் போடவும் இல்லை. எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வாய்ச்சொல் செல்லாது.

அந்தத் தொடர் விஷயத்தில் என்ன கேட்கலாம்?

ஒளிபரப்பை நிறுத்த வழக்குப் போடாதீர்கள். நான்கு வருடம் நீங்களே ட்ராக்கை அனுப்பியிருக்கிறீர்கள், பணம் வாங்கியிருக்கிறீர்கள், தொடரில் வருவதைத் தெரிந்தே இருந்திருக்கிறீர்கள். பயன்படுத்திக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுத்திருந்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தடையுத்தரவு கிடைக்க வாய்ப்புக் குறைவு. தொழிலில் கெட்ட பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேட்க வேண்டியவை வேறு. முதலாவது, பெயர். சட்டத்தின் 57-ஆவது பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இந்த உரிமை உங்களிடம் தங்கும். இரண்டாவது, ராயல்டியில் பங்கு. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒரு நேர்மையான கணக்கெடுப்பு வேண்டும். கதாநாயகி தீம் முழுக்க என்னுடையது என்று ஒரு பக்கத்தில் எழுதுகிறீர்கள். இரண்டு பக்கம் தள்ளி, "சார் முதல் நாலு பாரை ஹம் பண்ணி வாய்ஸ் நோட்டில் அனுப்பினார், மீதி நான்" என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து நிற்காது. அந்த நாலு பார், அதாவது நாலு தாள அளவு மெட்டுதான் தீமின் உயிர் என்றால், அவரும் ஒரு ஆசிரியர்; அது கூட்டுப் படைப்பாக இருக்கலாம். அவர் கொடுத்த மெட்டுக்கு நீங்கள் ஸ்ட்ரிங்ஸும் பேஸும் ரிதமும் அமைத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அது மூலப் படைப்பின் தழுவல். அந்த மெட்டுக்கு நீங்கள் இசையமைப்பாளர் ஆகமாட்டீர்கள். ப்ரோகிராமிங் எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும். மெட்டும் அரேஞ்ச்மென்ட்டும் வேறுவேறு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாறாக, டைட்டில் மெட்டு பற்றி நீங்கள் சொல்வது வலுவாக இருக்கிறது. நள்ளிரவில் போனில் பாடிய பதிவு, மறுநாள் நீங்கள் அனுப்பிய டெமோ, "சூப்பர், இதையே வெச்சுக்கலாம்" என்று அவர் அனுப்பிய பதில், மூன்றும் வரிசையாக இருக்கின்றன.

இந்த வார இறுதியில் உட்கார்ந்து ஒவ்வொரு ட்ராக்கையும் பிரியுங்கள்: மெட்டே உங்களுடையது எது, அவர் மெட்டில் உங்கள் அரேஞ்ச்மென்ட் எது, லைப்ரரி லூப்பை (ரெடிமேட் இசைத் துணுக்குகளை) அடுக்கிச் செய்தது எது. ஒன்று கவனம். பழைய ப்ராஜெக்ட் கோப்புகளைத் திறந்து 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள். கடைசியாக மாற்றிய தேதி இன்றைய தேதியாகிவிடும். முதலில் முழு ஹார்டு டிஸ்கையும் அப்படியே இன்னொன்றில் நகலெடுத்து, மூலத்தை எடுத்து வையுங்கள். நகலில்தான் வேலை. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

சிடியை உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் வைத்தால் காப்பிரைட் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழி நம் சட்டத்தில் இல்லை. உங்கள் போன் பதிவே அந்தக் கவரைவிட நல்ல சான்று. பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்யலாம். ஒரு இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். கட்டாயம் இல்லை. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்று முதல்நிலைச் சாட்சியமாகும். மனு போட்ட பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இந்த மெட்டில் உரிமை கோரக்கூடியவர் என்பதால் அந்த இசையமைப்பாளருக்கும் நீங்கள் தகவல் தர வேண்டியிருக்கும். ஆகவே அவரிடம் பேசிய பிறகு மனு போடுவது நல்லது.

ஆம், அவரிடம் பேசுங்கள். நோட்டீஸில் ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிகிறது. "சார்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவரிடம் உதவியாளராக இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துதான் வந்தார். உங்களுக்குக் கிடைக்காமல் போனது பெயரும் ஒரு துண்டுக் காகிதமும். நேரில் போய், அடுத்த வாரத்திலிருந்து டைட்டில் கார்டில் பெயர் கேளுங்கள். டைட்டில் மெட்டுக்கு இருவர் பெயரும், கூடுதல் பின்னணி இசை என்ற வரியில் உங்கள் பெயர் தனியாகவும் வரட்டும். பேசி முடித்த அன்று மாலையே, "சார், இன்னைக்குப் பேசினபடி..." என்று சுருக்கமாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் ஒத்துக்கொண்டாலும், மறுத்தாலும், பதிலே போடாவிட்டாலும் அந்தச் செய்தி உங்களுக்குப் பயன்படும்.

யூடியூப் புகாருக்கு இப்போது எதிர்ப்பு மனு போடாதீர்கள். மெட்டு ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. நீங்கள் ஏற்றியது தொடரில் வந்த இறுதி மிக்ஸ். அதைப் பாடகர் வைத்து, ஸ்டுடியோ வாடகை கட்டி எடுத்தது தயாரிப்பு நிறுவனம். அந்த ஒலிப்பதிவில் அவர்களுக்கு உரிமை இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ப்பு மனு என்பது உறுதிமொழி கொடுப்பது. பாதி உண்மையை முழு உண்மையாக எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

14 பக்கத்தில் எதை மாற்ற வேண்டும்

ஒப்பந்தத்தின் படங்களை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். 'நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்' என்ற வரியைப் பார்த்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு மேல் எழுதி வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. காலமே குறிப்பிடாமல் விட்டால்தான் ஐந்து வருடம். இடம் குறிப்பிடாவிட்டால்தான் இந்தியா மட்டும். நிரந்தரம் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் 'எப்படியும் செல்லாது' என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தம்பு செட்டித் தெருவில் வக்கீல் ஆபீஸ் படியேறுகிறார்கள்.

செல்லாதது எது என்றால், 9-ஆம் பக்கத்தில் இருக்கும் ராயல்டி வரி. இசையமைப்பாளர் எந்த ராயல்டியும் கேட்கமாட்டார் என்று அங்கே இருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, தியேட்டரில் படத்தோடு சேர்த்து ஓட்டுவது தவிர, டிவி, ஓடிடி, எஃப்.எம்., ஹோட்டல், கச்சேரி என்று வேறு எந்த வகையில் அந்த இசை பயன்பட்டாலும், வரும் ராயல்டியை உரிமை வாங்கியவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை உங்கள் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. அதற்காக அந்த வரியை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. சட்டத்தில் உள்ளபடியே திருத்தி எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பணம் கேட்கப் போகும்போது வாதாடவேண்டிய விஷயம் ஒன்று குறையும்.

அந்த ராயல்டியை யார் வசூலித்துத் தருவது? இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், மியூசிக் கம்பெனி ஆகியோருக்கான பதிவு பெற்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். 1969-இல் தொடங்கியது, புதிய சட்டத்தின் கீழ் 2017-இல் மீண்டும் பதிவு பெற்றது. 'அது பெரிய ஆட்களுக்குத்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. வெளியான படைப்பு உங்கள் பெயரில் இருந்தால் நீங்களும் உறுப்பினராகலாம். பின்னணி இசைக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு க்யூ ஷீட் வேண்டும். எந்த எபிசோடில் எந்த ட்ராக், எத்தனை நொடி, யார் இசை என்ற பட்டியல்தான் அது. நம் ஊர்த் தொடர்களில் எடிட்டரே பழைய சோக ட்ராக், சஸ்பென்ஸ் ட்ராக் என்று ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வதால், நீங்களாகக் கேட்காவிட்டால் அந்தப் பட்டியலை யாரும் தயாரித்துக் கொடுக்கப்போவதில்லை. சேர்ந்த உடனே பணம் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பயன்படுத்துகிற நிறுவனம் லைசென்ஸ் எடுத்துக் கட்டினால்தான் வரும். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு ஒருநாளும் வராது.

வரிசை முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். சங்கத்தில் உறுப்பினராகி, சங்கத்துக்குச் சில உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகு, அதற்கு முரணாக வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே உறுப்பினர் விண்ணப்பம் முதலில், படத்தின் கையெழுத்து அப்புறம். பத்து நாளில் முடியாது என்றால், ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினராகப் போகிறேன், சங்கத்துக்குப் போகும் உரிமைகள் இந்த ஒப்பந்தத்தில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

மற்ற திருத்தங்களில் நான் விடாப்பிடியாக நிற்கச் சொல்வது இவை:

பயன்படாத ட்யூன்கள். ஒரு சிச்சுவேஷனுக்கு ஐந்து ஆறு ட்யூன் போட்டுக் காட்டுவீர்கள், ஒன்று ஓகே ஆகும். இந்த ஒப்பந்தம் காட்டியது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. படத்தில் வராதவை உங்களுக்கே திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த படத்துக்கு உங்கள் மூலதனமே அதுதான்.

பணம் வரும் நாள். 'வெளியீட்டின்போது மீதி' என்று இருக்கிறது. எத்தனை சின்னப் படங்கள் வெளியாகாமலே பெட்டிக்குள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கையெழுத்தில் ஒரு பங்கு, பாட்டு கொடுக்கும்போது ஒரு பங்கு, ரீ-ரெக்கார்டிங் தொடங்கும் முன் ஒரு பங்கு, கடைசிப் பங்கு ஃபைனல் மிக்ஸும் ஸ்டெம்ஸும் (தனித்தனியாகப் பிரித்த ட்ராக்குகள்) கைமாறும் அன்று. பணம் வராமல் ஸ்டெம்ஸைக் கொடுக்காதீர்கள்.

பேக்கேஜில் என்ன அடங்கும். பாடகர் சம்பளம், வயலின், தவில், ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் அந்த 6 லட்சத்துக்குள் என்று இப்போது இருக்கிறது. காகிதம் எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுங்கள். அதில் உங்கள் சம்பளத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். முதல் படத்தில் பலர் போடாமல் விடுவது அந்த வரியைத்தான். தொழில்முறைக் கட்டணம் என்று டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். இயக்குநர் ரீ-எடிட் செய்தால் ரீ-ரெக்கார்டிங்கை எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவீர்கள் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும்.

பெயர் எங்கே, எப்படி. டைட்டில் கார்டில் மட்டும் இல்லாமல், போஸ்டரிலும், ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டு ஏறும்போது இசையமைப்பாளர் என்ற இடத்திலும் உங்கள் பெயர் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொரு வரி இருக்கிறது, 11-ஆம் பக்கத்தில். கொடுப்பது எல்லாம் சொந்தப் படைப்பு, யாராவது உரிமை கோரினால் வரும் நஷ்டம் முழுவதையும் இசையமைப்பாளரே ஏற்பார் என்று. இது வழக்கமான நிபந்தனைதான், நீக்கச் சொன்னால் சம்மதிக்கமாட்டார்கள். உங்களுக்கு வரும் தொகைக்கு மேல் நஷ்டஈடு போகாது என்று வரம்பு கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் உள்ள குறையைச் சரிசெய்யாமல் இந்த வரியில் கையெழுத்துப் போடக்கூடாது. காசு கொடுக்காமல் கிராக் செய்த சாம்பிள் லைப்ரரியில்தான் (வாத்திய ஒலிகளின் மென்பொருள் தொகுப்பு) ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொடருக்கு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். படம் ஓடிடிக்குப் போகும்போது உரிமை ஆவணங்களை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அட்வான்ஸ் வந்ததும் தேவையான ஒன்றிரண்டை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். பில்லை எடுத்து வையுங்கள்.

மாடியில் பாடிய அண்ணனுக்கு என்ன உரிமை?

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். "கானா என்பது எல்லோருக்கும் பொது, அண்ணன் சும்மாதான் பாடினார், ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டு, வாய்வழியாகவே புளியந்தோப்பிலிருந்து காசிமேடு வரை போகும் பழைய மெட்டுகள் உண்டு. யார் போட்டது என்றே தெரியாத அவை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. சரி. ஆனால் உங்கள் பதிவில் இருப்பது அப்படியா? இறந்துபோன தன் நண்பனைப் பற்றி அவரே கட்டிய வரிகள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த வரிகளுக்கு அவர் பாடலாசிரியர். மெட்டும் அவர் போட்டது என்றால் இசையமைப்பாளரும் அவரே. அவருக்கும் நொட்டேஷன் தெரியாது, எங்கும் எழுதி வைக்கவில்லை, பதிவு செய்யவில்லை. உங்கள் டைட்டில் மெட்டுக்கு நான் மேலே சொன்ன சட்டம் முழுவதும் அவருக்கும் அப்படியே பொருந்தும். இதுபோக, அவர் குரல் ஒரு நிகழ்த்துகலைப் பதிவு. நிகழ்த்துநருக்குத் தனி உரிமை உண்டு, 50 வருடத்துக்கு. அவர் சம்மதமில்லாமல் எடுத்த பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. வணிகத்துக்குப் போனால் அவருக்கு ராயல்டியும் உண்டு.

வடசென்னையிலிருந்து குரலையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போன கதைகள் போதும் தம்பி. அவரிடம் போய் உட்காருங்கள். எந்தப் படம், பாட்டு எங்கே வருகிறது, உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். தமிழிலேயே இரண்டு பக்க ஒப்பந்தம் போதும்: வரிகள் அவருடையவை, பாடகராகவும் பாடலாசிரியராகவும் அவர் பெயர் வரும், இவ்வளவு தொகை, ராயல்டி உரிமை அவரிடமே. வாசித்துக் காட்டி, அவர் வீட்டில் படித்த யாரையாவது உடன் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். தொகையை பேக்கேஜ் கணக்கில் தனி வரியாகப் போடுங்கள், தயாரிப்பாளரிடம் தனியாகவும் கேட்டுப் பாருங்கள். சினிமாவுக்கு ஏற்றபடி வரிகளை மாற்றுவதாக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். செத்துப்போன நண்பனின் பாட்டைக் குத்துப்பாட்டாக்க அவர் சம்மதிக்கமாட்டார் என்றால், அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டில் என்ன சொல்வது

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். முதல் படத்தை நம்பி மாத வருமானத்தை விடுவது சரியல்ல. அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் ஏறும்வரை தொடர் வேலையை விடாதீர்கள். ஏறிய பிறகும், இசையமைப்பாளரிடம் பேசிய பேச்சு எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். குரூப்-4 எழுதுவதால் உங்கள் இசை குறைந்துவிடாது, எழுதுங்கள். ஆனால் அரசு வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டால், வெளியே சம்பளத்துக்கு இசையமைக்க அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் அதையும் சொல்லி வையுங்கள். சினி மியூசிஷியன்ஸ் யூனியனில் உறுப்பினராவது பற்றியும் விசாரியுங்கள். சம்பளத் தகராறில் உங்களுக்காகப் பேச ஓர் ஆள் இருப்பது, தனியாக நின்று போனில் கெஞ்சுவதைவிட எவ்வளவோ மேல்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று சட்டம் சொல்வதால், எதிராளி எங்கே இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை.

கடைசியாக அந்த 40,000 ரூபாய். இதை நீங்கள் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். செய்து கொடுத்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. 'அடுத்த மாசம் தர்றேன் ப்ரோ' என்று அவர் அனுப்பிய செய்தி கெடுவை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். தொகை, வேலை முடித்துக் கொடுத்த தேதி, பணம் தர 15 நாள் அவகாசம், இந்த மூன்றையும் எழுதி இந்த வாரமே ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், வழக்குக்கு முந்தைய சமரச மனுவைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே இழுத்தடித்தால் இன்றிலிருந்து ஆறாவது மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.